அதே பறவை

மூன்றாம் நாளும் விமானம் வரவில்லை.
ஓடுதளத்தின்மேல் மூடுபனி
குப்புறப் படுத்துக் கிடக்கிறது.
செயின்ட் பால் தீவில் விடுதியும் விமான நிலையமும்
ஒரே கூரைக்குக் கீழ்.
வந்த ஆறு பேரும் ஈரக் காலுறைகளைக்
கணப்பின்மேல் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள்,
மீன் வாட்டுவதுபோல.

நான் பரஸ்கேவா.
செப்டம்பர் முடியும்வரை வழிகாட்டி,
அதன்பின் நண்டுத் தொழிற்சாலையில் இரவுப் பணி.
இங்கே மரமே கிடையாது.
மரமில்லாத ஊரில் என்ன பறவை என்று கேட்பவர்கள்
பெரிங் கடலைத் தாண்டுவதில்லை.
தாண்டி வருபவர்களிடம் பட்டியல் இருக்கும்.

வெண்டல் ஐயாவின் பட்டியலில்
அறுநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
சட்டைப்பையில், பிளாஸ்டிக் உறைக்குள்,
மடிப்பில் எழுத்துத் தேய்ந்த தாள்.
எழுநூறுக்கு இன்னும் ஒன்று.
வந்த அன்றே காட்டினார்,
பேரனின் படத்தைக் காட்டுவதுபோல.

நேற்று புச்சுகிக் காட்டில் இறங்கினோம்.
காடு என்றால் இடுப்பளவு தண்டுகள்.
கைநீளம் இடைவெளி விட்டு வரிசையாக நில்லுங்கள்,
ஒடிக்காமல் நடங்கள்,
சாறு பட்ட தோல் வெயிலில் கொப்புளிக்கும் என்றேன்.
வெயிலா, என்று சிரித்தாள் மார்கிட்.
அவள் அக்கா இங்க்ரிட் சிரிக்கவில்லை,
அவள் காலடியிலிருந்துதான் அது எழுந்தது.

பழுப்பாய் ஒரு பிடி.
பத்தடி தள்ளி விழுந்து
எங்களைத் திரும்பிப் பார்த்தபோது
கழுத்தில்
சாம்பலை ஊதியதும் தெரிகிற கங்கு.

மாணிக்கத் தொண்டை!
ஐந்து பேருக்கும் ஒரே மூச்சு.
வெண்டல் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை எழுப்பினோம்.
அவர் பார்த்தது ஆடிய இலையை.
மூன்றாம் முறை
அது முழங்காலுக்குமேல் உயரவில்லை.
போதும் என்றேன்.

சைபீரியாவிலிருந்து தெற்கே போகவேண்டியது,
காற்று தள்ளி இங்கே வந்திருக்கிறது.
இரவெல்லாம் கடல்.
கால் வைக்க ஒரு துரும்பு இல்லை.
முன்பொரு வருடம் இப்படி வந்து செத்த ஒன்றைக்
கையில் எடுத்திருக்கிறேன்.
நெஞ்செலும்பு தோணியின் அடிக்கட்டைபோலத் துருத்தியிருந்தது.
உள்ளே கடிதம் இல்லாத தபாலுறையின் எடை.

ஒரே ஒரு தடவை என்றார்.
எவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன் தெரியுமா என்றார்.
தெரியும்,
பறவைக்கு அதில் பங்கில்லை என்றேன்.
சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
மேட்டில் வேனுக்குள் இருந்த ஸோசிமா
ஹாரனை அழுத்தினான். சாப்பாட்டு நேரம்.
வேறு எதற்கும் அவன் அவசரப்பட்டதில்லை.

இரவு மேசையில் கணக்கு.
பெயரை நான் வாசிக்க வேண்டும்,
எண்ணிக்கையை அவர்கள் சொல்ல வேண்டும்.
செங்கால் கடற்காகம்?
நூறு. இல்லை, அதற்கும் மேலே.
கொண்டைப் பஃபின்?
பதினொன்று.
மாணிக்கத் தொண்டை?
ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று.
சுழி, என்றார் வெண்டல் ஐயா.

ஒன்று என்றிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்?
இறக்கையின் நுனியைப் பார்த்தேன் என்றிருந்தால்கூட
எழுதிக் கொடுத்திருப்பேன்.
எல்லோரும் தக்காளிச் சாஸ் பாட்டிலைப்
பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள்
பனி இருபது நிமிடம் விலகியது.
பெட்டிகளோடு ஓடினார்கள்.
படியேறியவர் ஒருமுறை திரும்பினார்,
என் பக்கம் அல்ல,
புச்சுகி மேட்டின் பக்கம்.

அன்று மாலை
தொழிற்சாலையின் பின்புறம் அடுக்கியிருந்த
நண்டுக்கூண்டுகளுக்குள்
அது தத்திக்கொண்டிருந்தது.
அழுகிய இரையில் மொய்த்த ஈக்களை
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் தின்றது.
இறக்கை இரண்டும் ஒரே உயரத்தில்.
வயிறு சற்று உருண்டிருந்ததாக எனக்குப் பட்டது.
கம்பி வலைக்கு இந்தப் பக்கம்
கை மரத்துப்போகும்வரை நின்றேன்.

பதிவேட்டில் எழுதவில்லை.
அவருக்குத் தகவல் அனுப்பவும் இல்லை.
ஒரே பறவையை
இருமுறை எண்ணக்கூடாது என்பது விதி.