வெற்று லோரியின் எடை

பீடோங் ஆலையில் எடைமேடை எனக்கு.
பதினோரு வருடம்.
செம்பனைக் குலையோடு ஏறும் லோரிக்கு ஒரு சீட்டு,
கொட்டிவிட்டு வெறுமனே திரும்புகையில் இன்னொன்று.
கழித்தால் வருவதுதான் கணக்கு.

காலையில் அஞ்சாபுலியின் ஒட்டுக்கடையில் பசியாறுவேன்.
அவர் வாயில் அடிபடாமல் அங்கே
ஒருவரும் தே தாரிக் குடித்ததில்லை.
லோரி முதலாளி ஆ செங் ‘ஏர்போர்ட்டு’;
வழுக்கையில் ஈ இறங்கினால் அறிவிப்பும் உண்டு.
கோயில் தலைவர் ‘ரசீது புக்கு’.
போலீஸ்காரர் ஹம்சா வந்தால்
கடையிலிருப்பவர்கள் எல்லாரும் கையைத் தூக்க வேண்டும்.
நான் ‘ஒரு டன்’.
“ஒரு டன் வந்தாச்சு, பெஞ்சை மாத்துங்கடா!”

சிரிப்பேன்.
மதியம் சோற்றைப் பாதியில் மூடிவைப்பேன்.
இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான்
சொல்லிக்கொண்டிருந்தேன்.

“என் வாய்க்குச் சாதி கிடையாது, இனம் கிடையாது,
பெரியவன் சின்னவன் கிடையாது.
எல்லாருக்கும் ஒரே விலை” என்பார்.
பொய்யில்லை. தேத்தண்ணியும் அப்படித்தான்,
ஒரு வெள்ளி அறுபது.

ரஃபிகுல் புதிதாக வந்தான்,
கொதிகலனில் சாம்பல் வாரும் வேலைக்கு.
“பங்களா வருது, பங்களா! ஒதுங்குங்க,
துரை வெளிய வரட்டும்!
ஏம்ப்பா, எத்தனை ரூமு? வாடகை என்ன?”
தகரக் கூரை அதிரச் சிரித்தோம்.
அவனும் சிரித்தான்,
அரை நொடி கழித்து,
எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.
வருடக்கணக்காய் என் வாயில்தான் இருக்கிறது.

இருபது கிலோக் குலை
லோரியில் ஏறினாலும் இருபது,
சைக்கிளில் ஏறினாலும் இருபது.
அச்சு முறிவது என்னவோ சைக்கிளுக்குத்தான்.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
ஆ செங்கிடம் லோரி இருந்தது, ஹம்சாவிடம் விலங்கு இருந்தது,
என்னிடம் சம்பளச் சீட்டாவது இருந்தது.
பையனின் பாஸ்போர்ட்டு
ஏஜெண்டின் அலமாரியில் இருந்தது.

இரண்டு வருடத்தில் தமிழ் அவனுக்கு
செம்பனை முள்ளாய் ஏறிவிட்டது.
ஒரு மழைநாள். “என்னா பங்களா, கூரை ஒழுகுதா?”
குவளையைக் கீழே வைத்தான்.
மெத்த மரியாதையோடு,
“அண்ணே, உங்க தாத்தா கப்பல்ல வந்தாரு.
கீழ்த்தட்டுல, வாந்தி எடுத்துக்கிட்டே.
நீங்கதான் சொன்னீங்க.
நான் பிளேன்ல வந்தேன், ஜன்னல் சீட்டு.
அவருக்குப் பெர்மிட்டு இருந்துச்சா?”

உயரத்தில் தேத்தண்ணி இழுத்த கை நின்றது.
இரு குவளைகளுக்கு நடுவே
பழுப்புக் கயிறு அறுந்து தரையில் விழுந்தது.
ஒருவரும் மூச்சு விடவில்லை.
நான் சிரித்தேன். தனியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
முழு ஒரு டன்.

நாற்பது வருடம் ஊரை உரித்தவருக்குத்
தோல் உண்டென்று அன்றுதான் பார்த்தோம்.

மறுநாள் அவனை “வாங்க” என்றார். “உட்காருங்க.”
அதைவிடப் பெரிய வசவு அந்தக் கடையில் விழுந்ததில்லை.
நான் ‘மேடம்’ ஆனேன்.
ஹம்சா வந்தார், கைகள் மேசைமேலேயே கிடந்தன.
தேத்தண்ணி வெறும் தேத்தண்ணியாக இருந்தது,
கொஞ்சம் சீனி தூக்கல்.
மூன்றாம் நாள் ஆ செங் தலையைத் தடவிக்கொண்டு கேட்டார்,
“புலி, ஏர்போர்ட்டு மூடியாச்சா?”

அஞ்சாபுலி துண்டை உதறினார்.
ரஃபிகுல் பக்கம் திரும்பவில்லை.
“பெர்மிட்டு இல்லடா.
எங்க தாத்தாவுக்குக் கங்காணிதான் இருந்தான்.
கங்காணிகிட்ட கடன் இருந்துச்சு.”
சொல்லிவிட்டுச் சிரித்தார்,
அரை நொடி கழித்து,
எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு.

சங்கு ஊதியது. எழுந்தேன்.
“ஒரு ட...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.
“சொல்லுங்கண்ணே” என்றேன்,
“கொட்டிட்டு மறுக்கா நிறுத்துட்டுச் சொல்லுங்க.”

புரிந்ததா தெரியவில்லை.
ரஃபிகுல் சில்லறையை எண்ணி வைத்தான்.
ஒரு வெள்ளி அறுபது.
அவர் அதை இருமுறை எண்ணினார்.