கள்ளுக்கு ஆண்டில்லை

பரந்தனில், கள்ளுப் போத்தல் அடைக்கும் நிலையத்தில்
என் வேலை நாக்கு.
காலை ஏழுக்கு இறங்கும் கான்களில்
எது புளித்தது, எதில் தண்ணீர் கலந்தது,
எவருடைய முட்டி கழுவப்படவில்லை
ஒரு மிடறில் சொல்லித் துப்புவேன்.
பதினொரு வருசம். ஒருநாளும் வெறித்ததில்லை.

யாரோ சொல்லி றெமீசியஸ் வந்தான்,
முள்ளியவளைக்காரன், இத்தாலி மலையொன்றில் திராட்சை பிடுங்குகிறவன்,
துவாயில் சுற்றிய நாலு போத்தலோடு.
"அக்கா, உங்கட நாக்குக்கு ஒரு சோதினை."

கிண்ணமில்லை. கோடு போட்ட அளவுக்குவளைகளில்
ஐம்பது ஐம்பது மில்லி ஊற்றினான்.
"உடன குடியாதேங்கோ. சுழட்டுங்கோ. பிறகு மணந்து பாருங்கோ."
தம்பி, இதை நீ எனக்குச் சொல்லுறியோ?

முதலாவது பார்பேரா.
பழஞ்சோற்றில் பிழிந்த தேசிக்காய்போல
நாக்கின் ஓரத்தால் ஓடிவரும் புளி.
அவனுடைய கொப்பியில் செரிப்பழம் என்றிருந்தது.
செரியை நான் கேக்கில் மட்டும் கண்டவள்;
வெட்டிவிட்டு வீரைப்பழம் என்று எழுதினேன்.

இரண்டாவது சிசிலிக் கறுப்பு.
நாவல். சந்தேகமேயில்லை.
நாக்கை நீட்டிக் காட்டினேன், ஊதா.

மூன்றாவது சஞ்சோவேசே.
பெயருக்குள் இரத்தம் இருக்கிறதாம்,
ஏதோ பழைய தெய்வத்தினுடையது.
இரும்பு மணத்தது.
கிணற்று வாளியின் இரும்பு என்று எழுதினேன்.
வேறு இரும்புகளும் தெரியும். எழுதவில்லை.

கடைசி நெபியோலோ.
மூடுபனி இறங்கும் மாதத்தில் பிடுங்குவதாம்,
பெயரும் பனியிலிருந்துதானாம்.
உங்களுக்குப் பனி, எங்களுக்குப் பனை,
ஓரெழுத்துத்தான் என்றேன்.
நிறம் வெளிறல். அதில் ஏமாந்தேன்.
வாயில் விட்டதும் பாலைப்பழப் பால்போல
உதடு உதட்டில் ஒட்டியது.
துவர். கொட்டைப்பாக்கு. பிறகு எங்கோ ஒரு பூ. பிறகு
கண்டி வீதிக்குத் தார் ஊற்றிய கிழமை
கொடியில் காய்ந்த உடுப்பெல்லாம் மணத்ததே, அது.
றெமீசியஸ் கொப்பியைப் புரட்டினான்.
"தார் எண்டுதான் இருக்குது அக்கா. தாரும் றோசாவும்."

விற்கமுன் மூன்று வருசமும் இரண்டு மாதமும் கிடக்கவேண்டுமாம்.
வாங்கியவன் இன்னும் பத்துப் பதினைந்து வருசம்
இருட்டில் படுக்கவைப்பானாம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கள்ளுக்கு ஆண்டில்லை.
காலை உண்டு, பின்னேரம் உண்டு,
அடுத்தநாள் வினாகிரி.
இங்கே யார் எதை அவ்வளவு காலம் ஓரிடத்தில் கிடக்கவிட்டது?
தையல் மெசினை மூன்றுதரம் தாட்டு
இரண்டுதரம் கிண்டியெடுத்தவள் நான்.

பிறகுதான் போத்தலைத் திருப்பினேன்.
2009.
அவன் கையால் மறைக்கப் பார்த்தான், பிந்திவிட்டான்.
"நான் தெரிஞ்செடுக்கேல்லை அக்கா. முதலாளி தந்தது.
அந்த வருசம் அங்க நல்ல வெயிலாம்."

மின்விசிறி சுற்றியது.
குவளையில் பதினைந்தாம் கோடுவரை இருந்தது.
மற்ற மூன்றையும் துப்பியிருந்தேன்.
இதை விழுங்கினேன்.

மிச்சத்தைக் கான் இறக்கும் பெடியளுக்கு ஊற்றினான்.
"சீனி காணாது" என்றாங்கள்.

பேரேட்டில் திகதி, கான் இலக்கம், புளிப்பு, முடிவு
என்று நாலே நாலு கட்டம்.
முடிவுக்குக் கீழே,
இன்னும் இறுக்கம், வைக்கலாம் என்று எழுதி
கையெழுத்து வைத்தேன்.