இரண்டு மில்லிமீட்டர்

ஏறி உட்கார்ந்தால்தான் பேசும்.
இறங்கித் தள்ளினால் ஊமை.
இருபதில் தொடங்கும்,
ஐம்பதைத் தாண்டினால் காற்று விழுங்கிவிடும்.
இடைப்பட்ட முப்பதில்தான் அதன் குடித்தனம்.
கீச். கீச். கீச்.

சென்யா தீவில் என் வீட்டிலிருந்து படகுத்துறை வரை
எல்லா வளைவும் அந்த முப்பதுக்குள் அடக்கம்.

நான் ஃபெர்ரியில் எஞ்சின் அறைக்காரி.
ஆறு சிலிண்டரில் எந்த வால்வு இருமுகிறது என்று
காபிக் கோப்பையைக் கீழே வைக்காமல் சொல்வேன்.
துர்பியோர்க்குக்கு மூன்று காது என்பார்கள் கப்பலில்.
மூன்றையும் வைத்துக்கொண்டு
சொந்த பைக்கில் ஒரு கீச்சைப் பிடிக்க முடியவில்லை.

செயின் வண்டிக்காரர்கள் சிரித்தார்கள்.
எண்ணெய் வேண்டாம், அழுக்கு இல்லை, சத்தமே கிடையாது என்று
பெல்ட்டின் பெருமையை அளந்தவள் நான்தானே.

ஜூன் மாதம். சூரியன் மறையாது.
போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல
இருட்டு இல்லை.
பேரிங்கை மாற்றினேன். கீச்.
பிரேக்கைக் கழற்றினேன், தேய்த்தேன், பூட்டினேன். கீச்.
சீட்டுக்கு அடியில் கிரீஸ். கீச்.
ஒரு நள்ளிரவில், முழு வெயிலில்,
என் முழங்காலையே சந்தேகித்தேன்.

கடைசியில் ஆஸ்லாக்கைக் கூப்பிட்டேன்.
முன்னாள் கணவன், இந்நாள் தபால்காரன்.
பின்சீட்டில் என் முதுகோடு முதுகு ஒட்டி
பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தான்;
தோட்டத்து ஹோஸின் ஒரு முனை காதில்,
மறு முனை புல்லியின் அருகில்.
பதினொரு வருஷத் தாம்பத்தியத்தில்
எதையும் அவன் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"ஒன்றும் கேட்கவில்லையே."
எனக்கும் கேட்கவில்லை.
அவன் இறங்கினான். கீச்.
ஏறினான். மௌனம்.
நூற்று நாலு கிலோ மௌனம்.

"பேசாமல் என்னையே நிரந்தரமாக ஏற்றிக்கொள்."
"கீச்சே தேவலை."

சிரித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து
பெல்ட்டின் ஓரத்தில் தெளித்தான். சத்தம் நின்றது.
காய்ந்ததும் வந்தது.
ஆக, பெல்ட்தான்.
அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.
அவனிடம் சொல்லவில்லை.

சோப்புக் கட்டியைத் தேய்த்தேன்.
தேவாலயம் வரை வாயடைத்திருந்தது,
மரக்கதவைக் கண்டதும் ஆரம்பித்தது.

இதற்கிடையில் ஒரு பறவை.
துறையின் கல்வரிசையில் சிவந்த நீள மூக்கோடு
ஒரு சிப்பிபிடிப்பான்.
நான் போகும்போதெல்லாம் கீச் என்றது,
பைக் கீச் என்றது,
அது இன்னும் உரக்க.
எல்லைத் தகராறா, காதலா, தெரியாது.
இருவருக்கும் பஞ்சாயத்து செய்ய எனக்கு நேரமில்லை.

ஞாயிறு அதிகாலை மூன்று மணி.
பின் டயரை மாற்றிய கடைக்காரன்
சட்டத்தில் வெட்டியிருந்த கோடுகளை நம்பி
அச்சை நிறுத்தியிருக்கிறான்.
நான் கோடுகளை நம்பவில்லை.
வெல்டிங் கம்பி ஒன்றை வளைத்து
அதில் ரப்பர் வளையம் மாட்டி
சட்டத்தின் கீல் மையத்திலிருந்து அச்சின் மையம் வரை
வலப்பக்கம் அளந்தேன்.
அதே கம்பியை இடப்பக்கம் கொண்டுபோனேன்.
வளையம் மையத்தைத் தொடாமல்
அரிசிமணி அகலம் தள்ளி நின்றது.

இரண்டு மில்லிமீட்டர்.
மூன்று வாரம், ஒரு புதுப் பேரிங்,
ஒரு பழைய புருஷன்,
எல்லாம் அந்த இரண்டுக்காக.

ஸ்பானரைக் கால் சுற்று, பிறகு அரைக்கால்.
பெல்ட் புல்லியின் விளிம்பை விட்டு
நடுவுக்கு நகர்ந்தது,
பேருந்தில் இடம் விடுகிறவர் மாதிரி.

வேலைக்குக் கிளம்பினேன்.
இருபது. முப்பது. நாற்பது.
டயருக்கடியில் சரளை நொறுங்குவது மட்டும்.

துறையில் அது காத்திருந்தது.
கீச் என்றது.
வேகத்தைக் குறைத்தேன்.
மறுபடி கீச், கழுத்தை நீட்டி.
பதில் இல்லாதது எனக்கே கூச்சமாக இருந்தது.
என்ன செய்வதென்று தெரியாமல்
ஹாரனை அழுத்தினேன்.

பறந்துவிட்டது.
திங்கட்கிழமை அந்தக் கல் காலி.
செவ்வாய்க்கிழமை
ஆஸ்லாக் தபாலோடு வந்து கேட்டான்:
"கண்டுபிடித்தாயா?"
"இல்லை" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.