சிரிப்பொலி

கிருஷ்ணகிரியில், மாங்கூழ் ஏஜென்சிக்கு மேல்மாடி.
நாற்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய லண்டன் காமெடியை
புது ஆட்களோடு மறுபடி எடுத்திருக்கிறார்கள்.
பழசு, புதுசு இரண்டுக்கும் தமிழில் வரி போடுவது என் வேலை.

பழசில் ஒரு மளிகைக்கடைக்காரர், நம்மூர் ஜாடை.
வாயைத் திறந்தாலே
காட்சிக்கு வெளியே இருநூறு பேர் சிரிக்கிறார்கள்.
அவர் சொன்னது
பால் விலை.

புதுசில் கவனமாக அந்த ஜோக்கை எடுத்துவிட்டார்கள்,
கூடவே ஆளையும்.
கடை இருக்கிறது.
கல்லாவில் யாருமில்லை.

டீ கொண்டுவந்த முனிரத்தினத்துக்கு
இங்கிலீஷ் சுத்தமாக வராது.
பழசில் ஒருத்தன் கதவை இழுக்க
கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.
தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்:
"இன்னொருக்கா போடுக்கா."

போட்டேன்.
அவனோடு சேர்ந்து சிரித்தவர்களில்
பாதிப்பேர் இப்போது உயிரோடு இருக்கமாட்டார்கள்.

அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பொலி' என்று தட்டினேன்.
பால் விலைக்கும்
இதே சொல்லைத்தான் தட்டியிருந்தேன்.