முதல் பீரியட்

தாமத வருகைப் பதிவேட்டில்
எபினேசர், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு,
காரணம் என்ற கட்டத்தில்
ஜூன் மாதத்திலிருந்து ஒரே சொல்:
கேட்டு.

கொருக்குப்பேட்டை கேட்டு
எங்களில் யாரைத்தான் விட்டது.
நானும் நின்றிருக்கிறேன்,
தலைமையாசிரியை நின்றிருக்கிறார்,
கழுத்தில் மாலையோடு ஒரு மாப்பிள்ளை
வாட்சைப் பார்த்துப் பார்த்து நின்றிருக்கிறார்.
ஆனாலும் வாரத்துக்கு நான்கு நாள் என்றால்
அது கேட்டு இல்லை, கொழுப்பு
என்று சிவப்பு மையில் எழுதினேன்.

ஆகஸ்டில் ஒரு காலை.
துறைமுகத்துச் சரக்கு வண்டி
நாற்பத்திரண்டு பெட்டி வரை எண்ணி, விட்டுவிட்டேன்.
ஷேர் ஆட்டோவுக்குள் ஒரு கை நீண்டது.
ஐஸ் தண்ணி பத்து ரூபா, ஐஸ் தண்ணி...
நிமிர்ந்தால் எங்கள் பள்ளிச் சீருடை.
அவன் என்னைப் பார்த்தான்.
பக்கத்து அம்மாளுக்கு மீதிச் சில்லறையைக்
கொடுத்துவிட்டுத்தான் ஓடினான்.

அன்று முட்டி போட வைத்தேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபரில் சுற்றறிக்கை வந்தது.
மாணவரிடையே தொழில்முனைவு மனப்பான்மையை வளர்த்தல்.
குழுவுக்கு ஐந்து பேர், ஆயிரம் ரூபாய் விதைப்பணம்,
பொறுப்பாசிரியை
பொருளியல் படித்த ஒரே பாவியான நான்.
வெட்கமில்லாமல் அவனைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

‘வட்டி எவ்ளோ மிஸ்?’
‘வட்டி கிடையாதுடா.’
‘சும்மா யார்னா துட்டு தருவாங்களா மிஸ்?
எங்க வூட்டாண்ட காலைல தொள்ளாயிரம் குத்துட்டு
சாயந்தரம் ஆயிரமா வாங்கினு போவாங்க.’
இரண்டு நாள் அந்த நோட்டுகளைச்
சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்,
யாரோ திரும்பக் கேட்கப் போகிறார்கள் என்பதுபோல.

முதல் பரிசு மெழுகுவர்த்திக்கு.
எல்லாவற்றையும் ஆசிரியர்களே வாங்கினோம்.
பவதாரிணி குழு செய்ததில் நான்கு
என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.
கரண்ட் போக மாட்டேன் என்கிறது.

எபினேசர் குழு மேசையில் வைத்தது
ஒரு வாளி, ஒரு நாற்பது பக்க நோட்டு.
வெயில் நாள்: தண்ணி.
மழை நாள்: செல்போனுக்குப் பிளாஸ்டிக் கவர், அஞ்சு ரூபா.
வாடிக்கையாளர் யார்?
நின்னுகினு கீறவங்க எல்லாரும்.
போட்டியாளர்?
சுண்டல் அண்ணன். ஆனா அவுரு வேற ஐட்டம்.
தொழிலுக்கு உள்ள ஆபத்து?
மேம்பாலம்.
எதிர்காலத் திட்டம்?
மேம்பாலம்.

ஒரே பதிலை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாயே என்று
பேனாவைத் திறந்தேன்.
‘கரெக்ட்டுதான் மிஸ்.
பாலம் வந்தா யாவாரம் பூடும்.
வரட்டும் மிஸ்.
தங்கச்சி பொறக்க சொல்லோ
ஆம்புலன்ஸு இங்கதான் நின்னுச்சி.’
தங்கச்சி எந்த வகுப்பு என்று கேட்க வாயெடுத்து
கேட்காமல் விட்டேன்.

கடைசிப் பக்கம் கணக்கு.
ஐஸ், பாட்டில், ஷாஹிதாவுக்கு வாளி வாடகை,
போலீஸ்காரருக்கு ரெண்டு தண்ணி ஃப்ரீ.
லாபம் முந்நூற்று நாற்பது.
அதற்குக் கீழே, வேறு பேனாவில், இன்னொரு செலவு:
முதல் பீரியட், பதினாறு நாள்.
எதிரே, ரூபாய்க் கட்டத்தில்,
வில தெர்ல.

முதல் பீரியட் என்னுடையது.
அந்தப் பதினாறில் ஒரு நாள்தான்
வாய்ப்புச் செலவு என்றால் என்ன என்று
கரும்பலகை கொள்ளாமல் எழுதிப் போட்டு
யாருக்காவது சந்தேகமா என்று கேட்டேன்.
ஒருவரும் கை தூக்கவில்லை.
தூரத்தில் வண்டி போகும் சத்தம், வெகுநேரம்.

இன்று ஒன்பது இருபத்தைந்துக்கு வந்தான்.
பதிவேட்டில் அவன் எழுதிய இடத்தில்
தாள் நனைந்து மை பரவியிருக்கிறது.
சிவப்புப் பேனாவை மூடினேன்.
அவ்வளவுதான் செய்தேன்.