இடப்பக்கம்

படிவம் எட்டு. கலைஞர் உதவுதொகை.
முழுப்பெயர்: பத்திநாதர் எமிலியாம்பிள்ளை.
கலைப்பெயர் என்ற கோட்டில்
எழில்நாதன் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்,
சுவரொட்டியில் போடுவதைப்போல.

குருநகரிலிருந்து பிரதேச செயலகத்துக்குச் சைக்கிளில் வந்தவர்.
ஹாண்டிலில் ஒரு பை, பைக்குள் ஒரு பை,
அதற்குள் ஒரு நோட்டீஸ். பாதி கறையான் தின்றது.
‘சபதம்’ என்ற சொல் மட்டும் மிச்சம்.
யாருடைய சபதம் ஐயா, என்று கேட்டேன்.
“படமுதலாளியின்ரை,” என்றார்.
“எனக்குக் காசு தாறேல்லை எண்டு.”

சான்று வேண்டும். சுற்றறிக்கை அப்படி.
அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

முதல் படம், எழுபத்தி நாலு.
நடிப்பு அவர், பாட்டு வேறொருவர்.
கூத்தில் விடியும்வரை பாடின தொண்டை
மைக்குக்கு ஆகாது என்றார்களாம்.
கீரிமலைப் பாறையில் நின்று
இன்னொருவன் மூச்சுக்கு வாயசைத்தார்,
ஒரு பகல் முழுக்க, வெறும் வயிற்றோடு.
ஸ்டான்லி வீதித் தியேட்டரில் பதினாறு நாள் ஓடியது.
பதினேழாம் நாள் இந்தியப் படம் வந்தது.

இரண்டாவதில் பாட்டு அவர்.
முகம், மட்டக்களப்பு டொக்டர் ஒருவரின் மகன்.
“நல்ல பொடியன். ஆனா
நான் மேலை போற இடத்திலை அவன் கண்ணை மூடுறான்.
நான் மூடுறேல்லை, பிள்ளை.
மூடினா வலை எங்கை கிடக்கெண்டு தெரியாது.”

மூன்றாவதில்
முகமும் குரலும் ஒன்றாய் வர இருந்தன.
எண்பத்தி மூன்று, ஆடி.
சுருளைக் கழுவக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள்.
அதற்குமேல் சொல்லாமல்
என் மேசையிலிருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து,
பார்த்து,
எடுத்த இடத்திலேயே வைத்தார்.

பிறகு ஐஸ் கொம்பனியில் பதினொரு வருடம்.
தொழில் என்ற கோட்டில் அதை எழுதவா, என்றார்.
வேண்டாம், தொகை குறையும் என்றேன்.

தொண்ணூற்றைந்து. நாவற்குழிப் பாலம்.
மழை, இருட்டு, ஊர் முழுக்க ஒரே தெருவில்.
தலையில் தையல் மிசினோடு நகர்ந்தவரை
லாந்தர் வெளிச்சத்தில் யாரோ கண்டுபிடித்து
“டேய் சபதம், ஒரு பாட்டுப் பாடடா” என்றானாம்.
அவர் முன்னால் அவ்வளவு சனம்
அதற்கு முன்னும் பின்னும் கூடியதில்லை.
பாடினீங்களா?
“மிசினை மூடச் சாக்குத்துண்டு ஒண்டு கேட்டனான்.
தந்தவங்கள்.”

இதில் எதை இணைப்பு ஒன்று என்று வைப்பது?
கொழும்பில் ஆவணக் காப்பகத்துக்குப் போன் எடுத்தேன்.
பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். கூட்டினேன்.
தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை.

கடைசியில் எல்லாம் வந்து நின்றது புகைப்படத்தில்.
நேர்முகமாக, இரு காதும் தெரிய வேண்டும் என்பது விதி.
அவர் தந்ததில் முகம் சற்றுத் திரும்பியிருந்தது.
ஒரு காதுதான். திருப்பி அனுப்பினேன்.
அடுத்த செவ்வாய் புதுப் படம். அதே காது.
கஸ்தூரியார் வீதி ஸ்ரூடியோக்காரன்
மூன்று முறை தாடையைப் பிடித்துத் திருப்பினானாம்.
“வெளிச்சம் எங்கையிருந்து வருகுதோ
அங்கை போகுது பிள்ளை. நான் என்ன செய்ய?”

பசை தடவி ஒட்டினேன்.
முத்திரை அந்த இடப்பக்கத்தில் விழாமல்
கொஞ்சம் தள்ளிக் குத்தினேன்.
அலுவலர் குறிப்பு என்ற பெட்டியில்
‘நேரில் கண்டேன்’ என்று எழுதிவிட்டு
பேனையை எடுக்காமல் இருந்தேன்.

வாசலில் அவர் சைக்கிள் பூட்டோடு மல்லுக்கட்டியபடி
என்னவோ முணுமுணுத்தார்.
பாட்டா, பூட்டுக்கு ஏச்சா, விளங்கவில்லை.
எழும்பிப் போய் மின்விசிறியை நிற்பாட்டினேன்.

இருபத்திரண்டாம் இலக்கம் எங்கே என்று
வரிசையில் ஒருவர் கத்தத் தொடங்கினார்.