காற்புள்ளி

பிராங்க்ஃபர்ட்டில், இருபத்தோராம் மாடியில்,
பதினோரு ஆண்டுகள்
நான் காற்புள்ளிகளைத் திருத்தினேன்.
எண்களைத் தொடக் கூடாது என்பது விதி.
எண்கள் ஹார்ட்விக் பிரெனெக்கேயுடையவை.
அவர் பெரும்புள்ளி.
கார் உலகில் எது அசைந்தாலும்
தொலைக்காட்சிக்காரர்கள்
முதலில் அவருக்குத்தான் மைக் மாட்டுவார்கள்.

ஹெல்மா என்ற மின்கார் கம்பெனியைப் பற்றி
அவர் எழுதிய முதல் அறிக்கை முப்பத்தாறு பக்கம்.
பதினெட்டு மாதம் தாங்காது, விற்றுவிடுங்கள்.
பேட்டரி விலை.
பனிக்காலத்தில் பாதி வழியில் நின்றுவிடுவது.
நாற்பது நிமிடம் பிளக் அருகே
யார் காத்து நிற்பார்கள் என்ற கேள்வி.
கதவிடுக்கில் சுண்டுவிரல் நுழைகிறதாம்;
அளந்து, படத்தோடு போட்டிருந்தார்.

சொன்ன குறை ஒவ்வொன்றும் உண்மை.
கூட்டிப் பார்த்தால்தான் பொய்.

அடுத்த வசந்தத்திலும் பதினெட்டு மாதம்.
அதற்கடுத்த வசந்தத்திலும்.
கம்பெனி சாகவில்லை.
அது சாகவேண்டிய தேதிக்குத்தான்
வயதாகிக்கொண்டே போனது.
நான் ஆண்டை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பினேன்.

கணிப்பு தவறும்போதெல்லாம்
அவருக்குச் செயப்பாட்டுவினை கைகொடுக்கும்.
"எதிர்பார்க்கப்பட்டது."
"கருதப்பட்டது."
யாரால் என்று ஒருமுறை ஓரத்தில் எழுதிக் கேட்டேன்.
அந்தக் கேள்வி நீக்கப்பட்டது.

கெரா நகரில்,
ஹெல்மாவின் பெயின்ட் பிரிவில் வேலை
என் தங்கை கணவன் டெட்லெஃபுக்கு.
சம்பளத்தில் கொஞ்சம் பணமாக, கொஞ்சம் பங்காக.
ஒரு நவம்பர் இரவு போன் செய்தான்.
"உங்கள் ஆபீஸ் ஆள் எழுதுவது நிஜமா?"
எனக்கு இலக்கணம்தான் தெரியும் என்றேன்.
சொல்வதற்கு முன்
சற்றே நிறுத்தினேன்,
ஒரு காற்புள்ளி அளவு.
அவன் அதைத்தான் கேட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் விற்றான்.
வந்த பணத்தில் கூரைக்குப் புது ஓடு போட்டான்.
அதன்பின் அந்தப் பங்கு எங்கே போனதென்று
எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.
கிறிஸ்துமஸுக்குப் போனால்,
மழை வலுத்தால்,
சாப்பாட்டு மேசையிலிருந்து அண்ணாந்து பார்ப்பான்.
"ஒழுகவில்லை" என்பான்.
தங்கை உருளைக்கிழங்குத் தட்டை அவன் பக்கம் நகர்த்துவாள்.

பிரெனெக்கேயும் மாறினார்.
அடித்த காற்றில் முழுதாகத் திரும்பியவர்,
பிளக் வைத்த எதையும் நம்ப ஆரம்பித்தார்.
ஆர்க்டூர் என்றொரு கம்பெனி.
ஒரு மண்டபம், ஒரு மேடை,
போர்வை விலக்கிக் காட்டிய ஒரே ஒரு கார்.
கதவை அவர் திறந்து பார்க்கவில்லை;
இடுக்கை அளக்கவுமில்லை.
நாற்பத்தொரு பக்கம். வாங்குங்கள்.
இளஞ்சிவப்பு நிறத்தில் ஏறுகோடு,
தாளின் விளிம்பை முட்டிக்கொண்டு.
அந்த அறிக்கையில் ஒரு பிழைகூட இல்லை.
பதினெட்டு மாதம்கூட ஆகவில்லை.
ஆர்க்டூரின் நாற்காலிகளை ஏலம் விட்டார்கள்.
இரண்டு எங்கள் வரவேற்பறைக்கே வந்தன,
நல்ல நாற்காலிகள்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.
அந்த ஆண்டு விருதுகூடக் கிடைத்தது,
"துணிச்சலான பார்வை"க்காக.
நன்றியுரையை நான்தான் சீர்செய்தேன்.

சென்ற பிப்ரவரி,
கட்டடத்தின் அடித்தள கார் நிறுத்தத்தில் பார்த்தேன்.
மேலங்கியும் கழுத்துத் துணியுமாக
ஒரு சாம்பல்நிற ஹெல்மா பக்கத்தில் நின்றிருந்தார்.
அவருடையதுதான்.
கம்பி செருகியிருந்தது.
சக்கரங்களில் உப்பும் சேறும்.
கதவிடுக்கைப் பார்த்தேன்;
விரல் நுழையாது.

"நேரமாகுமா?" என்றேன்.
"பதினேழு நிமிடம்" என்றார்,
தொலைக்காட்சியில் பேசும் அதே குரலில்.
அவர் முதுகுக்குப் பின்னால்
திரையில் பச்சையாகப் பத்தொன்பது ஒளிர்ந்தது.

நான் திருத்தவில்லை.